எழுத்து கையில், சொல் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆங்கிலச் சொல் விளையாட்டைப் பற்றியவை. வீட்டுப்பாடம், ஸ்கிராபிள், வேர்டில், குறுக்கெழுத்து என்று வாசல் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே சிக்கல்தான். சில எழுத்துகள் கையில் இருக்கின்றன, அவை உள்ள சொற்களைப் பிடிக்க வேண்டும். அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

பதிலுக்குள் போகும் முன் அச்சு பற்றி ஒரு சங்கதி. ஆங்கில எழுத்துகளையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறோம். அதில் இரண்டு இடத்தில் இடிக்கும். போனில் இனிஷியல் சொல்லும்போது ‘பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி’ என்கிறோமே, அதே வழியைப் பிடித்துக்கொண்டோம். ‘டி’ என்று வந்தால் டெல்லியின் முதலெழுத்து. ‘டீ’ என்று நெடிலாக வந்தால் டீக்கடையின் முதலெழுத்து. ‘பி’ என்று மட்டும் இருந்தால் பேப்பரின் முதலெழுத்து. மற்றதை ‘பாம்பே-பி’ என்றே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு, ‘எஜுகேஷன் என்ற சொல்லில் உள்ள எழுத்துகளைக் கொண்டு இருபது சொற்கள் எழுது’ என்று வீட்டுப்பாடம். ‘டெடிகேட்’ என்று எழுதியதற்குத் தவறு போட்டுவிட்டார்கள். அதிலுள்ள எல்லா எழுத்தும் எஜுகேஷனில் இருக்கிறதே? – வாசகி, தென்காசி

பதில்: இருக்கிறது, ஆனால் போதுமான அளவில் இல்லை. டெடிகேட்டை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள்: டி-இ-டி-ஐ-சி-ஏ-டீ-இ. டி இரண்டு, இ இரண்டு. எஜுகேஷனிலோ இ-டி-யு-சி-ஏ-டீ-ஐ-ஓ-என், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒரு முட்டையை வைத்துக்கொண்டு இரண்டு ஆம்லெட் போட முடியாது. ‘டிடக்ட்’, ‘அட்டென்ட்’ இரண்டும் இதே காரணத்தால்தான் விழும்.

எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை இருக்கிறது என்றும் எண்ண வேண்டும். இப்படி எண்ணிப் பார்க்கிற கேள்விகள் மொத்தம் மூன்றே வகை. கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் அமைப்பது ஒன்று. இதில் எந்த எழுத்தும் கொடுத்த அளவை மிஞ்சக் கூடாது. கொடுத்த எழுத்துகள் எல்லாம் சொல்லுக்குள் இருக்க வேண்டும், வேறு எழுத்தும் கூட வரலாம் என்பது இன்னொன்று. இதில் கொடுத்த அளவுக்குக் குறையக் கூடாது. மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது, எல்லாம் சரியாகத் தீர வேண்டும் என்றால் அது அனகிராம். கீழே வரும் கேள்விகளில் பல, இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் தேடியதால் வந்த குழப்பம்தான்.

மகளுடையது முதல் வகை. ஒன்பது காகிதத் துண்டுகளில் ஒன்பது எழுத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒரே துண்டை இரண்டு முறை வைக்க முடியாது என்பதால் டெடிகேட் மாதிரித் தப்பு தானாகவே நின்றுவிடும். உயிரெழுத்து ஐந்தையும், அதாவது ஏ, இ, ஐ, ஓ, யு-வை, இடப்பக்கம் ஒதுக்கட்டும். டி, சி, டீ, என் வலப்பக்கம். பிறகு சொல்லின் தலையிலிருந்து தொடங்காமல் வாலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொற்களின் வால்கள் சிலவே, திரும்பத் திரும்ப வருபவை.

இ-டி என்ற இறந்தகால வாலை முதலில் தனியே வையுங்கள். மிச்சத்தில் கவுன்ட் தெரிகிறது, சேர்த்தால் கவுன்டட். ஆக்டட், காயின்டு, யுனைட்டட், நோட்டீஸ்டு எல்லாம் இந்த வரிசைதான். அடுத்து டீ-ஐ-ஓ-என் என்ற வால். செயலைக் குறிக்கும் ஆக்‌ஷன் வரும். ஒரு யு சேர்ந்தால் ஏலத்தைக் குறிக்கும் ஆக்‌ஷன், அதே எழுத்துகளை மாற்றிப் போட்டால் எச்சரிக்கையைக் குறிக்கும் காஷன். இந்த இரண்டோடும் முதலில் ஒதுக்கிய இ-டியைச் சேர்த்துப் பாருங்கள், ஒன்பது துண்டும் தீர்ந்துவிடும்! ஆக்‌ஷன்டு, காஷன்டு இரண்டுமே எஜுகேஷனின் முழு அனகிராம்கள். இதை எழுதினால் ஆசிரியை நிச்சயம் திரும்பிப் பார்ப்பார்.

என்-சி-இ என்ற வாலுக்கு டான்ஸ், அவுன்ஸ், ஒன்ஸ். வேறு வால்களில் இன்ட்யூஸ், டிடெய்ன், எலக்ட்ரீஷியன் சுவருக்குள் பதிக்கும் கண்டூயிட். இருபதுக்கு மேலேயே போய்விடும். மூன்றெழுத்து, நாலெழுத்துச் சொற்களைத் தொடவே தேவையில்லை.

கேள்வி: ஐந்து உயிரெழுத்தும் வரும் சொற்கள் வேண்டும் என்று ஒரு இணையதளத்தில் ஏ, இ, ஐ, ஓ, யு என்று தட்டினேன். உருப்படியாக ஒன்றும் வரவில்லை. அப்படிச் சொற்களே கிடையாதா? – வாசகர், கும்பகோணம்

பதில்: ஏராளம் உண்டு. நீங்கள் போனது கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் அமைத்துத் தரும் தளம். உங்கள் கேள்வியோ இரண்டாம் வகை, உள்ளே இருந்தால் போதும். ஐந்து உயிரெழுத்தை மட்டும் கொடுத்து மெய்யெழுத்தே தராவிட்டால் அந்தத் தளம் பாவம், என்ன செய்யும்?

ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளம் இதற்குத் தோதானது. அங்கே உடுக்குறி * என்றால் எத்தனை எழுத்தும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கேள்விக்குறி ? என்றால் சரியாக ஒரே எழுத்து. கமா போட்டு நிபந்தனைகளைக் கோக்கலாம். ஆகவே உடுக்குறி, ஏ, உடுக்குறி, கமா, பிறகு உடுக்குறி, இ, உடுக்குறி, கமா என்று ஐந்தையும் கோத்துத் தட்டுங்கள். ஐந்து சல்லடையிலும் தங்கியவை மட்டும் வரும். எட்டெழுத்துச் சொல்தான் வேண்டும் என்றால் இன்னொரு கமா போட்டு எட்டுக் கேள்விக்குறிகள். ஒரே உடுக்குறிக்குள் ஐந்தையும் ஒட்டி எழுதினால் அவை அதே வரிசையில் அடுத்தடுத்து வரும் சொல்லைத் தேடப் போய்விடும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

அன்றாடச் சொற்களிலேயே கிடைப்பவை: எஜுகேஷன், ஈக்வேஷன், டயலாக் என்பதன் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், காலிஃப்ளவர், நிமோனியா. நிமோனியாவின் தலையில் ஒலிக்காத பி ஒன்று இருப்பதை மறக்க வேண்டாம். செக்கோயா என்ற கலிஃபோர்னியா நெடுமரத்தின் பெயரில் ஏழே எழுத்து, அதில் ஐந்து உயிர்: எஸ்-இ-கியூ-யு-ஓ-ஐ-ஏ. வரிசை பிசகாமல் ஏ, இ, ஐ, ஓ, யு என்றே வர வேண்டுமா? எஃப்-ஏ-சி-இ-டீ-ஐ-ஓ-யு-எஸ். வேடிக்கையாகப் பேசுகிறவர் என்று பொருள். உணவிலும் குடியிலும் அளவாக இருப்பவரைச் சொல்லும் ஏ-பாம்பே-பி-எஸ்-டீ-இ-எம்-ஐ-ஓ-யு-எஸ் இன்னொன்று. இரண்டின் வாலிலும் எல்-ஒய் ஒட்டினால் ஒய்யும் வரிசையில் வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபேவரிட், பிஹேவியர் இரண்டும் பிரிட்டிஷ் முறையில் எழுதினால்தான் இந்தக் கணக்கில் சேரும். அமெரிக்கர்கள் அவற்றிலிருந்து யு-வை எடுத்துவிடுகிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது பிரிட்டிஷ் முறை, இணையப் பட்டியல்கள் பலவும் அமெரிக்க முறை. ‘இந்தச் சொல் ஏன் வரவில்லை’ என்று கேட்டு வரும் கடிதங்களில் நிறையப் பேருக்கு விடை இந்த ஒரு யு-தான்.

கேள்வி: எக்ஸ், ஒய், இசட் மூன்றும் இதே வரிசையில் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொல் உண்டா? நண்பர் பந்தயம் கட்டியிருக்கிறார். வண்டி நம்பர் பிளேட்டின் எழுத்துகளை வைத்து ஆடும் விளையாட்டுக்கும் வழி சொல்லுங்கள். – வாசகர், திருச்சி

பதில்: பந்தயத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிசின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள்: ஹெச்-ஒய்-டி-ஆர்-ஓ-எக்ஸ்-ஒய்-இசட்-ஐ-என்-இ. நடுவில் மூன்றும் கைகோத்து நிற்கின்றன.

அகரவரிசையில் மூன்று மூன்றாக எடுத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. டி-இ-எஃப்புக்கு டிஃபைன். எஃப்-ஜி-ஹெச்சுக்கு ஆஃப்கன். ஜி-ஹெச்-ஐக்கு லாஃபிங். ஹெச்-ஐ-ஜேவுக்கு ஹைஜாக். எல்-எம்-என்னுக்குக் காம்னெஸ், அமைதி. என்-ஓ-பிக்கு கேனப்பி. ஆர்-எஸ்-டீ-யு நான்கும் சேர்ந்து அண்டர்ஸ்டடியில் வருகின்றன. நாடகத்தில் முதன்மை நடிகர் வராத நாளில் அந்த வேடத்தைப் போடுவதற்காகப் பாடம் பண்ணி வைத்திருப்பவர் அவர்.

மெய்யெழுத்துகள் கொத்தாக வந்து மிரட்டினால் நடுவில் வெட்டிப் பாருங்கள். டபிள்யூ-கே-டபிள்யூ எந்த அசையிலும் அடங்காது. வெட்டினால் ஒரு பக்கம் ஏ-டபிள்யூ-கே, மறுபக்கம் டபிள்யூ-ஏ-ஆர்-டி, ஆக்வேர்ட் கிடைத்துவிடும். டீ-சி-ஹெச்-டபிள்யூ என்றால் வாட்ச் முடிந்து வேர்ட் தொடங்குகிறது, வாட்ச்வேர்ட். இப்படி வெட்டியும் மசியாத கொத்து என்றால் சொல் கிரேக்கத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள். எஸ்-டீ-ஹெச்-எம் அந்த ரகம். ஆஸ்துமாவின் ஆங்கில எழுத்தில் அது அப்படியே இருக்கிறது. நிலச்சந்தியைக் குறிக்கும் இஸ்த்மஸிலும் அதே கொத்து.

நம்பர் பிளேட் விளையாட்டில் எழுத்துகள் ஒட்டி வர வேண்டியதில்லை, வரிசை மாறாமல் இருந்தால் போதும். எஃப், ஜி, டீ என்று வைத்துக்கொண்டால் ஃபைட், ஃபர்கெட், ஃபிங்கர்டிப் எல்லாம் செல்லும். கிஃப்ட் செல்லாது, அதில் ஜி முந்திவிடுகிறது. ஒன்லுக்கில் சரிபார்க்க ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் பின்னும் உடுக்குறி போட்டு, கமா இல்லாமல் ஒரே சரமாகத் தட்டுங்கள். கமா போட்டால் வரிசை பார்க்காது.

கேள்வி: வகுப்புக்கு வாராவாரம் சொற்பட்டியல் தயாரிக்கிறேன். எக்செல்லில் ஃபில்டர் போட்டு ‘கன்டெய்ன்ஸ்’ கொடுத்தால் இரண்டு எழுத்துக்கு மேல் கேட்க மாட்டேன் என்கிறது. வேறு வழி? – ஆங்கில ஆசிரியை, மதுரை

பதில்: அந்த ஃபில்டர் பெட்டியில் இரண்டு நிபந்தனைக்குத்தான் இடம். எழுத்துகளை எண்ணும் ஒரு சூத்திரத்தைப் போட்டுவிட்டால் மூன்று வகைக் கேள்விக்கும் ஒரே தாள் போதும்.

எழுத்தை எப்படி எண்ணுவது? சொல்லின் நீளத்தை அளக்க லென் என்ற ஃபங்ஷன். ஓர் எழுத்தை எடுத்துவிட்டு வெறுமையை வைக்க சப்ஸ்டிட்யூட். எழுத்தை எடுப்பதற்கு முன் உள்ள நீளத்திலிருந்து எடுத்த பின் உள்ள நீளத்தைக் கழித்தால் அந்த எழுத்து எத்தனை முறை வந்தது என்று தெரிந்துவிடும். நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கட்டமரனைப் பாருங்கள்: சி-ஏ-டீ-ஏ-எம்-ஏ-ஆர்-ஏ-என், ஒன்பது எழுத்து. ஏ எல்லாவற்றையும் எடுத்தால் சி-டீ-எம்-ஆர்-என், ஐந்து. ஒன்பதில் ஐந்து போக நான்கு.

தாளை இப்படி அமையுங்கள். முதல் நெடுவரிசையில், மூன்றாம் வரியிலிருந்து சொற்கள். முதல் வரியில், இரண்டாம் நெடுவரிசை தொடங்கி, தேடும் எழுத்துகள் கட்டத்துக்கு ஒன்றாக. அவற்றின் கீழ் இரண்டாம் வரியில், ஒவ்வொன்றும் எத்தனை என்ற எண். ஒரே எழுத்து இரண்டு முறை தேவை என்றால் கட்டத்தை இரண்டாக்காமல் எண்ணை 2 ஆக்குங்கள். கட்டத்தை இரண்டாக்கினால் அந்த எழுத்து இரட்டிப்பாக எண்ணப்பட்டுக் கூட்டல் கெடும். மூன்றாம் வரி முதல் எண்ணும் சூத்திரம். இழுத்து நிரப்பும்போது சொல்லின் நெடுவரிசையையும் எழுத்தின் வரியையும் டாலர் குறி போட்டுப் பூட்டாவிட்டால் எல்லாம் நகர்ந்துபோய் அர்த்தமில்லாத எண்கள் வரும்.

‘உள்ளே இருக்க வேண்டும்’ என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் வந்த எண், மேலே கேட்ட எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ‘இவற்றை மட்டும் வைத்து’ என்றால் மேலே கேட்ட எண்ணை மிஞ்சக் கூடாது; அதோடு அந்த வரியின் எண்களைக் கூட்டினால் சொல்லின் முழு நீளம் வர வேண்டும். குறைவாக வந்தால் கேட்காத எழுத்து ஏதோ உள்ளே நுழைந்திருக்கிறது. எண்கள் அத்தனையும் சமமாக இருந்து, கூட்டலும் நீளத்தோடு பொருந்தினால் அனகிராம்.

தப்பு நடக்கும் இடங்கள் நாலு உண்டு. சப்ஸ்டிட்யூட் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும், ஆகவே சொல்லை முதலில் லோயர் போட்டுச் சிறிதாக்குங்கள். இரண்டாவது, சொல்லின் வாலில் ஒட்டி வரும் வெற்றிடம் நீளத்தை ஒன்று கூட்டிவிடும். ட்ரிம் அதை வெட்டும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதில் 160 என்ற குறியெண் கொண்ட வேறு வகை வெற்றிடம் வரும், அதை ட்ரிம் தொடாது, சப்ஸ்டிட்யூட் போட்டுத்தான் நீக்க வேண்டும். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கை. ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ என்ற இரண்டு சொற்களையும் எக்செல் சொல்லாக மதிக்காது, மெய்-பொய் மதிப்பாக மாற்றிவிடும். நிபந்தனைக்குப் பொருந்தும் கட்டங்களை எண்ணும் கவுன்ட்இஃப்பும் உடுக்குறியும் கொண்டு தேடினால் இரண்டும் மட்டும் காணாமல் போகும். ஒட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நாலாவது வேகம். இலவசமாகக் கிடைக்கும் எனேபிள் சொற்பட்டியலில் 1,72,000-க்கும் மேற்பட்ட சொற்கள். ஒன்பது நெடுவரிசை போட்டால் 15 லட்சம் சூத்திரங்கள்; பழைய கணினி மூச்சு வாங்கும். நீளத்தை மட்டும் முதலில் அளந்து, வேண்டிய நீளமுள்ள சொற்களைத் தனித்தாளுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். இன்னொன்று, அந்தப் பட்டியல் விளையாட்டுக்காரர்களுக்கானது. வகுப்பில் கொடுக்கும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் வாய்க்கு வரக் கூடாத சொற்களும் அதில் உண்டு.

கேள்வி: ஸ்கிராபிளில் கியூ கையில் வந்து, யு வராவிட்டால் ஆட்டமே போய்விடுகிறது. – வாசகர், கொழும்பு

பதில்: நூறு கட்டைகளில் கியூ ஒன்று, யு நான்கு, வெற்றுக் கட்டை இரண்டு. யு-வுக்காகக் காத்திருப்பது நல்ல யோசனை இல்லை. யு இல்லாமல் கியூவை இறக்கும் சொற்களை மனப்பாடம் செய்வதுதான் வழி. முதலில் கியூ-ஐ. சீனர்கள் சொல்லும் உயிராற்றல். இரண்டே எழுத்து, பலகையில் எந்த ஐ-யோடும் ஒட்டும். அடுத்து கியூ-ஏ-டீ, ஏமன் பக்கம் மெல்லும் இலை. எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர் என்று எழுதும் பக்கிரி, டீ-ஏ-எல்-ஏ-கியூ என்ற தலாக், நிகாப் என்று நமக்குப் பழகிய சொற்களே பல உதவும். கவ்வாலியும் செல்லும், கியூ-ஏ-டபிள்யூ-டபிள்யூ-ஏ-எல்-ஐ. ஆனால் ஆட்டத்தில் இருப்பதே இரண்டு டபிள்யூ, இரண்டும் உங்களிடமே வந்து சேர வேண்டும். ஈராக், கத்தார் இரண்டும் இடப்பெயர், செல்லாது.

செல்லும் சொற்களுக்கு எந்தப் பட்டியலைக் கொண்டு ஆடுகிறோம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் போட்டிகளுக்குக் காலின்ஸ் பட்டியல்; அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறு. இசட்-ஓ என்ற கலப்பின மாடு காலின்ஸில் உண்டு, அங்கே இல்லை. இணையத்தில் பாதிச் சண்டை இதனால் வருகிறது.

கையிலுள்ள ஏழு கட்டையையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பது தெரிந்திருக்கும். அதற்கு ஒரு கைப்பிடி: டீ, ஐ, எஸ், ஏ, என், இ என்ற ஆறும் சேர்ந்துவிட்டால் கலைக்காதீர்கள். ஏழாவதாக டி வந்தால் இன்ஸ்டெட், ஜி வந்தால் சீட்டிங், கே வந்தால் இன்டேக்ஸ், எல் வந்தால் என்டெய்ல்ஸ், எம் வந்தால் இன்மேட்ஸ், யு வந்தால் ஆன்ட்டீஸ், வி வந்தால் நேட்டிவ்ஸ், இசட் வந்தால்கூட ஸேனியஸ்ட். வந்த எழுத்தை இந்த ஆறுடன் சேர்த்துக் கட்டையில் மாற்றி மாற்றி அடுக்கும் பழக்கம் வேண்டும். மனசுக்குள்ளேயே தேடினால் முதலில் பார்த்த வரிசையே கண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: வேர்டிலில் ஐ-ஜி-ஹெச்-டீ நான்கும் பச்சையாகிவிட்டன, முதலெழுத்து மட்டும் தெரியாமல் தோற்றேன். இதில் அதிர்ஷ்டம்தானே? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேர்டில் தெரியாதவர்களுக்கு: மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்பில் பிடிக்க வேண்டும்; எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் சாம்பல். அதிர்ஷ்டத்தின் பங்கைப் பெருமளவு குறைக்கலாம். எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், டபிள்யூவில் தொடங்கும் பழஞ்சொல் வைட் என்று ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆறே வாய்ப்பில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் தோல்விக்கு நாமே பாய் விரிக்கிறோம். வெல்வதற்காக இல்லாமல் ஆளைக் கழிப்பதற்காக ஒரு சொல்லைப் போடுங்கள். ஃபிலிம்ஸ் என்று தட்டினால் எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே வீச்சில் சோதனையாகிவிடும். அந்த நான்கில் ஏதாவது ஒன்று பச்சையோ மஞ்சளோ காட்டினால் விடை தெரிந்துவிட்டது.

நான்கும் சாம்பலானால் மிச்சம் எய்ட், நைட், ரைட், டைட், வைட். இப்போது ரினியூ: ஆர்-இ-என்-இ-டபிள்யூ. ஆர் பச்சையானால் ரைட். என் மஞ்சளானால் நைட். டபிள்யூ மஞ்சளானால் வைட். இ மஞ்சளானால் எய்ட். எதுவுமே இல்லையென்றால் டைட். மூன்றாவது முயற்சியில் உறுதியாக முடிந்துவிடும். விதியைக் கடினமாக்கும் ‘ஹார்டு மோட்’ போட்டு ஆடுகிறவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபட்டிருக்கும். கிடைத்த குறிப்பை அடுத்த சொல்லில் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தும்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம். விடை எய்ட் என்றால், ரினியூவின் முதல் இ மஞ்சளாகும், இரண்டாவது இ சாம்பலாகும். சாம்பலைப் பார்த்ததும் ‘சொல்லில் இ கிடையாது’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் அதிகம். ஒன்று நிறம் காட்டி இன்னொன்று சாம்பலானால், அந்த எழுத்து ஒரே ஒரு முறை இருக்கிறது என்று பொருள். தென்காசி வாசகியின் மகளுக்குச் சொன்ன அதே எண்ணிக்கைக் கணக்குதான்.

கேள்வி: சைலண்ட், லிசன் மாதிரி ஒரே எழுத்துகள் கொண்ட சொற்களைப் பெரிய பட்டியலிலிருந்து கணினி நிரல் எழுதிப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியாக ஒப்பிட்டால் முடிவதே இல்லை. – கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: ஜோடி ஜோடியாக ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்குங்கள். சைலண்ட், லிசன், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஐந்தும் அடுக்கினால் இ-ஐ-எல்-என்-எஸ்-டீ என்று ஒரே சரமாகும். அதைச் சாவியாக வைத்து, ஒரே சாவி உள்ளவற்றை ஒரே பையில் போட்டுக்கொண்டே போனால் பட்டியலை ஒருமுறை சுற்றினாலே வேலை முடிந்தது.

இந்தச் சாவி அனகிராமுக்கு மட்டும்தான். மற்ற இரண்டு வகைக்கும் 26 எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். எழுத்து இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று 26 பிட்டில் அடைக்கும் வித்தை வேகமானது, ஆனால் எத்தனை முறை என்பதை அது மறந்துவிடும். முதல் சல்லடையாக வைத்துக்கொண்டு, தேறியவற்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஆங்கில நாளிதழின் கிரிப்டிக் குறுக்கெழுத்தில் அனகிராம் குறிப்பை எப்படி அடையாளம் காண்பது? – வாசகர், சென்னை

பதில்: கிரிப்டிக் என்பது குறிப்புக்குள்ளேயே சொல் விளையாட்டை ஒளித்துவைக்கும் குறுக்கெழுத்து. குலைவு, போதை, குழப்பம், உடைசல் என்று பொருள்படும் சொல் குறிப்பில் இருக்கிறதா பாருங்கள், ப்ரோக்கன், ட்ரங்க், மிக்ஸ்டு போல. அதன் பக்கத்துச் சொற்களின் எழுத்துகளை எண்ணுங்கள். குறிப்பின் கடைசியில் அடைப்புக்குள் உள்ள எண்ணோடு பொருந்தினால் அதுதான் கலைக்க வேண்டிய சரக்கு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வேறு இடம் பாருங்கள். வண்டிக்குதிரையைக் குறிக்கும் கார்ட்ஹார்ஸ் குறிப்பில் வந்து, கட்டம் ஒன்பது என்றால் ஆர்கெஸ்ட்ராவாக இருக்கலாம். எழுத்துகளை நேர்வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதினால் பழைய சொல் கண்ணிலிருந்து விலகும். கட்டத்தில் ஏற்கெனவே விழுந்த எழுத்துகளை வட்டத்தில் அடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே எழுத்து இரண்டு முறை வராத நீளமான ஆங்கிலச் சொல் எது? இரட்டை எழுத்துகள் அடுத்தடுத்து வரும் சொல்? – வாசகி, ஈரோடு

பதில்: பதினைந்து எழுத்தில் இரண்டு: காப்புரிமை பெற முடியாத என்று பொருள்படும் அன்காப்பிரைட்டபிள், விரல்ரேகை பற்றிய இயலான டெர்மட்டோகிளிஃபிக்ஸ். இரட்டைகளுக்குக் கணக்கர், அதாவது புக்கீப்பர். ஓ-ஓ, கே-கே, இ-இ என்று மூன்று ஜோடி இடைவெளியின்றி. அவசரத்தில் எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது நடுவிலுள்ள இரண்டாவது கே-யை.